ஐயா நீக்கிய அதிகாரம்

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் டவுன் தமிழ்ச் சபையில் யோபுதாசன் ஐயாவின் முதலாம் வருட நினைவுக் கூட்டம் நடந்தது. தேசத்துக்கு மலேசியா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் எங்கள் வாயில் இன்னும் மலாயாதான். அதே போல ஐயா இறந்து ஒரு வருடமாகியும் எங்கள் சபைக்காரர்கள் "ஐயா சொல்லியிருக்கிறார்" என்றுதான் பேசுகிறார்கள்.

ஐயாவைத் தெரியாத தமிழ்க் கிறிஸ்தவ வீடு அங்கே ஊரில் இருக்காது என்று நினைக்கிறேன். இங்கேயும் இல்லை. கல்யாணத்துக்குப் பரிசு கொடுக்க வேண்டுமா, ஐயா புத்தகம். வேலை மாறிப் போகிறவருக்கு வழியனுப்பு விழாவா, ஐயா புத்தகம். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் ஆரஞ்சுப் பழத்தோடு ஐயா புத்தகம். வேதத்தைத் திறக்காத வீட்டில்கூட அவருடைய புத்தகம் விரல்பட்டு அழுக்கேறிக் கிடக்கும். நல்ல தமிழ், சின்ன வாக்கியம், படிக்கிறவன் நெஞ்சில் கைவைத்துப் பேசுகிற மாதிரி எழுதுவார். அந்தத் திறமையை நான் மறுக்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து வேதசாஸ்திரம் கற்பிக்கும் ஒருவரை அழைத்திருந்தார்கள். அவர் ஐயாவின் இறையியல் வளர்ச்சியை இரண்டு காலமாகப் பிரித்தார். முதலாவது, வேலியின் காலம். விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடாதே, தொட்டவன் வீட்டில் கை நனைக்காதே என்று எழுதிய காலம். இரண்டாவது, பந்தியின் காலம். எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரலாம், அன்புதான் சட்டம் என்று எழுதிய காலம். வேலி கட்டியவரே வேலியைப் பிரித்து விறகாக்கி எல்லாருக்கும் சோறு பொங்கினார் என்று முடித்தார். சபையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் மகள் மெர்சி நோட்டில் அதை எழுதிக்கொண்டாள்.

பிறகு எங்கள் போதகர் என்னைக் காட்டி, "ஐயாவின் புத்தகத்தால் நடத்தப்பட்ட கொல்லிமலைச் சபையிலிருந்து வந்தவர் நம் நடுவில் இருக்கிறார், இரண்டு வார்த்தை சொல்லட்டும்" என்றார். எழுந்தேன். "ஐயாவின் முதல் புத்தகம் எங்கள் மலையில் இன்னும் ஜீவனோடு இருக்கிறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். சொல்லாததை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

2

என் அப்பா கொல்லிமலையில் உபதேசியார். மிஷன்காரர்கள் எப்போதோ வந்து போனார்கள். அரியூர் நாட்டில் ஒரு ஓட்டுக் கட்டடமும் அதைச் சுற்றி ஏழெட்டு குடும்பங்களும் என் அப்பாவும் மிஞ்சினார்கள். மலையில் சில ஊர்களைச் சேர்த்து நாடு என்பார்கள், கீழே இருப்பவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அப்பாவும் மலையில் பிறந்தவர்தான். பெற்றது நாங்கள் இருவர். அக்கா ரூத்து, அடுத்தது நான். அம்மா நான் பால் மறப்பதற்குள் போய்விட்டாள். அக்காதான் என்னை இடுப்பில் வைத்து வளர்த்தாள்.

அம்மா தேவனூர் நாட்டுக்காரி. அவள் பிறந்த வீடு சபைக்கு வரவில்லை. ஆனால் அதனால் எந்தச் சண்டையும் இல்லை. அம்மாவின் அண்ணன் மகன் வெள்ளையனுக்கு அக்கா என்று அவள் தவழும்போதே பேச்சு. கல்யாணத்துக்கு முன்னால் அவனைச் சபையில் சேர்த்துவிடலாம் என்று அப்பா நம்பினார், சேர்ந்தாலும் சேருவேன் என்று அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. சாமையும் கேழ்வரகும் விதைக்கும் முன்னால் எல்லா வீட்டிலிருந்தும் ஒரு வள்ளம் அளவு விதை ஊர்க் கோயிலுக்குப் போகும். அதை ஒரே பாயில் கொட்டிக் கலந்து, பூசை போட்டு, ஊர்க்கவுண்டர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கை அள்ளிக் கொடுப்பார். அந்தக் கைவிதையைத் தன் விதையோடு கலந்துதான் விதைக்க வேண்டும். அப்பா கோயிலுக்கு வெளியே நின்று துண்டில் வாங்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டு ஜெபித்து விதையில் கலப்பார். கவுண்டருக்கும் வருத்தம் இல்லை, அப்பாவுக்கும் உறுத்தல் இல்லை.

அப்போதுதான் சேலத்துக் கூட்டத்திலிருந்து அப்பா ஐயாவின் பச்சை அட்டை போட்ட முதல் புத்தகத்தை வாங்கி வந்தார். யார் பந்தியில் உட்காரக்கூடாது என்று சொல்வதால் மலையில் அதற்குப் பந்திப் புத்தகம் என்று பெயர். ஆராதனை முடிந்ததும் ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதி வாசிப்பார். ஐந்தாம் அதிகாரம், பக்கத்து வீட்டிலிருந்து பண்டிகைப் பலகாரத் தட்டு வந்தால் கிறிஸ்தவன் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியது. டவுனில் இருப்பவனுக்கு அது ஒரு நாள் சங்கடம். தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டில் தன் சோற்றைத் தின்பான். எங்கள் மலையில் பலகாரமும் இல்லை, தட்டும் இல்லை. வாசித்து முடித்து அப்பா புத்தகத்தை மூடினார். பிறகு சபையைப் பார்த்துச் சொன்னார்.

"நமக்குத் தட்டு வாரதில்லீங்க. நமக்கு வெதைதானுங்க தட்டு."

அந்தத் தப்பை எங்கள் மலைக்காரன் ஒருவன்தான் செய்திருக்க முடியும். ஐயாவின் புத்தகத்தில் விதை என்ற பேச்சே இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்யாமல், அதன் வேர்வரை போய்ச் செய்கிற பிடிவாதம் எங்களுக்கு. கோயிலில் கலந்த விதையில் விளைந்த சோறு கோயில் சோறு. அந்தச் சோற்றின் விதையில் அடுத்த வருடம் விளைவதும் கோயில் சோறு. மலையில் உள்ள ஒவ்வொரு சாமையும் என்றோ ஒரு நாள் அந்தப் பாயில் கிடந்ததுதான். அப்படியானால் எதைத் தின்பது?

3

சந்தேகம் என்று அப்பா விட்டுவிடவில்லை. ஐயா நடத்திய மாதப் பத்திரிகையில் கேள்வி பதில் பகுதி இருந்தது. அதற்கு எழுதிக் கேட்டார். சில மாதம் கழித்துப் பத்திரிகையில் பதில் வந்தது. வேரில் சந்தேகம் வந்தவன் கனியைப் பற்றிக் கேட்பானேன் என்கிற மாதிரி இரண்டே வரி. பக்கத்தில் தாலி கட்டலாமா என்பதற்கும், சினிமா பார்க்கலாமா என்பதற்கும் பதில்கள். ஐயா ஒரு சாயங்காலத்தில் இருபது பேருக்குப் பதில் எழுதியிருப்பார். அவர் மலையைப் பார்த்ததில்லை. சாமை மரத்தில் காய்க்குமா கொடியில் காய்க்குமா என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

அப்பா அதை விதையே ஆகாது என்று எடுத்துக்கொண்டு, சபையைக் கூட்டி வாசித்தார். இனிக் கைவிதை வாங்குவதில்லை, இருக்கிற விதையையும் விதைப்பதில்லை என்று முடிவானது. எல்லாரும் சேர்ந்து சேந்தமங்கலம் சந்தையில் விதை வாங்கித் தலையில் சுமந்து மலையேறினோம். அந்த விதையை யார் எந்தக் கோயிலில் வைத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாதவரை குற்றமில்லை என்று அப்பா சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கீழ்நாட்டு விதைக்கு மலை மூடுபனி ஆகவில்லை. முளைத்தது, நின்றது, பால்பிடிக்கும் நேரத்தில் கருகிப்போனது. அடுத்த வருடமும் அப்படியே. அதற்குள் சில குடும்பத்தார் கீழே இறங்கிச் செங்கல் சூளைக்கும் கல் உடைக்கவும் போய்விட்டார்கள். மற்றவர்கள் கவுண்டர் வாசலில் போய் நின்று கைவிதை வாங்கிக்கொண்டார்கள், அப்பாவின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுச் சபைக்கு வருவதை நிறுத்தினார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை.

அந்த இரண்டாம் வருடம் வெள்ளையன் ஒரு மூட்டை சாமையைத் தோளில் வைத்துத் தேவனூரிலிருந்து நடந்து வந்தான். வாசலில் இறக்கினான்.

"மாமா, இது வெதைக்கில்லீங்க. சும்மா திங்கறதுக்குத்தான்."

"எங்க வெளஞ்சதுங்க மாப்பளே?"

"நம்ம காட்டுலதானுங்க."

"அப்ப வேண்டாமுங்க."

"புள்ளைங்க மூஞ்சியப் பாருங்க மாமா. எந்தச் சாமி இதுக்குக் கோவிச்சுக்கும்?"

அப்பா உள்ளே போனார். வெள்ளையன் மூட்டையை விட்டுவிட்டு நடந்தான். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் குரல் மட்டும் உள்ளேயிருந்து வந்தது. "ரூத்து, அத அவங்ககிட்டக் குடுத்துட்டு வா கண்ணு." அக்கா மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் ஓடினாள். பசியில் அவளுக்கு நடக்கவே முடியாது, எப்படி ஓடினாளோ தெரியாது. ஓடைப் பாறை அருகே அவனைப் பிடித்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. திரும்பி வந்தவள் நேராகப் போய் அடுப்பை மெழுக ஆரம்பித்தாள்.

கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. "அந்த ஊட்டுல போயி அவ என்னத்தத் திம்பா?" என்று அப்பா கேட்டார். வெள்ளையன் சில வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, குண்டனி நாட்டில் பாவாயி என்ற பெண்ணைக் கட்டினான். அப்பா காய்ச்சலில் படுத்து, கஞ்சிக்கு நல்ல அரிசி இல்லாமல் இறந்தார். நான் நாமக்கல்லில் வாத்தியார் படிப்பு முடித்ததும், யாரோ சொல்லி, இங்கே ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கப்பலேறினேன்.

அக்காவைக் கூப்பிட்டேன். வரவில்லை. சபைக் கட்டடத்துக்கு விளக்கு வைக்க ஆள் வேண்டும் என்றாள். அவள் பிழைத்துக் கிடந்தது மரவள்ளியால். மரவள்ளி மலைக்குப் புதிதாக வந்த பயிர். அதைக் குச்சி வெட்டி நடுவார்கள், விதை கிடையாது. அதற்கு எந்தக் கோயிலிலும் பூசை இல்லை. வேகவைத்தும், காயவைத்து மாவாக்கிக் களி கிண்டியும் அதையே தின்றாள்.

4

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். காலையில் பால்மரத் தொழிலாளர்கள் வேலைக்குப் போகும்போதே நானும் எழுந்துவிடுவேன். ஒரே அறையில் மூன்று வகுப்பு. தலைமையாசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் "ஊட்டுக்குப் போறனுங்க" என்று சொன்னால் இன்னும் சிரிப்பார். இத்தனை வருடமாகியும் கோபம் வந்தால் எனக்கு மலைப் பேச்சுத்தான் வருகிறது. பிள்ளைகள் நான் ஏதோ வேறு பாஷையில் திட்டுவதாக நினைத்துக் கொள்வார்கள்.

மெர்சி டவுனில் இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிறாள். தமிழைப் படிக்கத் தெரியும், ஆனால் எழுத்துக்கூட்டித்தான். பாதிச் சொல் மலாய், மீதி இங்கிலீஷ், நடுவில் 'அப்பா' மட்டும் தமிழ். அவளுடைய சீனத் தோழி வீட்டில் முன்னோருக்குப் படையல் போட்டால் முதல் ஆளாய்ப் போய் உட்காருவாள். பன்றிக்கறியும் மீனும் தின்றுவிட்டு வந்து எனக்குச் சொல்வாள். நான் தடுத்ததில்லை. பிள்ளைக்கு அந்தப் பசியை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐயாவின் பிந்திய புத்தகத்தை இங்கிலீஷில் யாரோ மொழிபெயர்த்திருக்கிறார்கள். இந்த நினைவுக் கூட்டத்துக்கெல்லாம் முன்னாலேயே அதை மெர்சி ஆசையாகப் படித்தாள். முன்னுரையில் முதல் புத்தகத்தைப் பற்றிப் படித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் என்னைக் கேட்டாள்.

"அப்பா, அந்த பர்ஸ்ட் புக்கை யாராவது நிஜமா பாலோ பண்ணாங்களா?"

"உங்க அத்தை."

"எந்த அத்தை?"

என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். பிள்ளைமேல் தப்பில்லை. அவளைப் பொறுத்தவரை அத்தை என்றால் வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை. அன்று நான் நாட்டுக்குப் போய்வருவது என்று முடிவு செய்தேன்.

என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரன் அல்ல என்று அர்த்தம். போனால் திரும்பி வர அனுமதி வாங்க வேண்டும். ஆபீசில் போகும் காரணம் கேட்டார்கள். அக்காவைப் பார்க்க என்றேன். அக்கா என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். எங்கள் மலையில் யார் பிறந்ததை யார் பதிந்தார்கள்? தோட்டத்து மேனேஜர் ஒரு சான்று கொடுத்தார், அவர் என் அக்காவைக் கனவில்கூடக் கண்டதில்லை. கொல்லிமலை என்று சொன்னதைக் குமாஸ்தா கூலிமலை என்று எழுதினான். திருத்தினால் இன்னும் ஒரு வாரம் என்றான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

5

பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலும் பஸ்ஸுமாகக் காரவள்ளிக்கு வந்து சேர்ந்தேன். மேலே ரோடு போட அளந்துகொண்டிருந்தார்கள். நான் பழைய நடைபாதையில்தான் ஏறினேன். பையில் துணிமணியோடு ஐயாவின் முதல் புத்தகத்தின் புதுப் பதிப்பும் இருந்தது. வழியில் தேடினால் கிடைக்காமல் போகுமோ என்று பினாங்கிலேயே வாங்கி வைத்திருந்தேன். இப்போது அட்டை நீலம்.

அக்கா சபைக் கட்டடத்தை ஒட்டிய அறையில் இருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. கையில் நரம்பும் எலும்பும்தான். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா சாமி" என்று மட்டும் சொன்னாள், நேற்றுச் சந்தைக்குப் போனவன் வந்த மாதிரி. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

மூன்றாம் நாள் அவள் மரவள்ளித் தோல் சீவிக்கொண்டிருந்தபோது புத்தகத்தை எடுத்தேன். "ஐயா அந்த அஞ்சாம் அதிகாரத்த எடுத்துட்டாருக்கா" என்றேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை. "என்னன்னு போட்டிருக்குது, படி" என்றாள். முன்னுரையின் கடைசி வரியை வாசித்தேன். இளமையின் வேகத்தில் எழுதிய ஐந்தாம் அதிகாரம் இப்பதிப்பில் நீக்கப்பட்டிருக்கிறது, வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

"மறுக்காப் படி."

படித்தேன்.

"அதுக்கு மேல?"

"அவ்வளவுதான்கா."

"அதப் படிச்சு நடந்தவங்க இனி என்ன பண்ணோணும்னு ஒண்ணும் போடலியா?"

"இல்லக்கா."

"ஏன் எடுத்தாராம்?"

"அதும் போடல."

சிங்கப்பூர்க்காரர் அதை வளர்ச்சி என்றார். வளர்ச்சியாகவே இருக்கட்டும். எழுதுகிறவனுக்கு அதிகாரம் பிடிக்காமல் போனால் அச்சுக்கூடத்தில் சொல்லி எடுத்துவிடலாம். ஐயா நல்லவர்தான், கடைசிக் காலத்தில் மனம் விரிந்தவர்தான், எல்லாம் சரி. எடுத்த அதிகாரம் எங்கே போயிற்று என்று அவர் ஒரு தடவை விசாரித்திருக்கலாம். அது எங்கள் மலையில் ஒரு கிழவியாகிப்போன பெண்ணின் வயிற்றில் மரவள்ளியாகக் கிடந்தது. எனக்கு அன்று அழவும் முடியவில்லை, ஜெபிக்கவும் முடியவில்லை. இன்றும் ஜெபம் சரியாக வருவதில்லை.

அக்கா சீவிய கிழங்கை அடுப்பில் ஏற்றினாள். மறுநாள் காலையில் கூட்டிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"தேவனூருக்குப் போயிட்டு வரலாமா சாமி?"

"போலாம்கா."

"மச்சான் ஊட்டுல சாமச்சோறு திங்கோணும்."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டவள் போலக் குனிந்து மறுபடியும் கூட்டினாள். அவள் தனக்கென்று ஒன்று கேட்டு நான் பார்த்தது அதுதான். அந்தப் பக்கம் போகிற ஒருவரிடம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறோம், மத்தியானச் சாப்பாடு அங்கேதான் என்று சொல்லியனுப்பினோம். ஆராதனையில் நாங்கள் இருவர்தான். அக்கா வெள்ளைச் சேலையைச் சாம்பல் போட்டு வெளுத்து உடுத்தியிருந்தாள். பாட்டுக்குப் பாட்டு அவள் குரல் ஏறியது.

6

வெள்ளையன் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். அவனுக்கு முழங்கால் வீங்கி, தடியூன்றித்தான் எழுந்தான். "வாங்க மாப்பளே" என்று என்னைச் சொன்னவன், அக்காவைப் பார்த்து, "வாங்க அம்முணி" என்றான். அவள் தலையை மட்டும் அசைத்தாள். பாவாயி உள்ளேயிருந்து ஈரக் கையோடு ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். நல்ல மனுஷி. அக்கா காய்ச்சலாகக் கிடந்த மாதங்களில் வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்து வந்தவள் என்று பிறகுதான் தெரிந்தது.

சாமைச் சோறு கொதிக்கிற வாசனை வீடு முழுக்க இருந்தது. புது அறுப்பு. மலையை விட்டுப் போனவனுக்குத்தான் அந்த வாசனை தெரியும். மொச்சைக் குழம்பு தாளித்தார்கள். அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், தூங்குகிறாளோ என்று நினைத்தேன். அவள் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

இலை போட்டார்கள். எனக்கும் வெள்ளையனுக்கும் சோறு விழுந்தது. அக்காவின் இலைக்குச் சோறு வரவில்லை. பாவாயி பின்வாசல் வழியாக வெளியே போய், புது மண்சட்டி ஒன்றைத் துணியால் பிடித்துக் கொண்டுவந்தாள். சட்டியில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு.

"ஒரு கொறையும் வெக்கலீங்கக்கா" என்றாள் பாவாயி. "ஊட்டு அடுப்புல வெக்கலீங்க, பின்னால தனியாக் கல்லு கூட்டி வேகவெச்சனுங்க. சட்டி புதுசு. உப்பு கீழ சந்தையில வாங்குனது. தண்ணிகூட ஊத்துலருந்து நேரா எடுத்தாந்தது, எங்க கொடத்துல ஊத்தல. நீங்க எங்கூட்டுல வந்து வாய் நனைக்கோணும்னு நான் எத்தன வருசமா நெனச்சிருக்கறனுங்க. உங்க சட்டம் எனக்குத் தெரியாதா."

வெள்ளையன் தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"அம்முணி, ஒரு கை சோறு போடச் சொல்லட்டுங்களா?"

"நீங்க சும்மா இருங்க" என்று பாவாயி அதட்டினாள். "ஊட்டுக்கு வந்தவங்க மனச நோகடிக்காதீங்க. இத்தன காலம் காப்பாத்துனத இன்னைக்கு ஒரு வாய்ச் சோத்துக்கு உடுவாங்களா."

வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். அவ்வளவு மெலிந்த கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவள் பாவாயியை நிமிர்ந்து பார்த்தாள். அடுப்புப் புகையில் சிவந்த கண்ணும், நெற்றி வேர்வையும், பெருமை பொங்குகிற முகமுமாகப் பாவாயி நின்றாள்.

"இதே போதுங்க மச்சான்" என்றாள் அக்கா. கிழங்கைப் பிட்டு வாயில் வைத்தாள். "நல்லா வெந்திருக்குது பாவாயி."

"இன்னொண்ணு வெக்கட்டுங்களா அக்கா?"

"வெய்யி."

என் இலையில் இருந்த சோற்றை நான் தின்றேன். தின்னாவிட்டால் வீட்டுக்காரர்களுக்கு மரியாதை இல்லை. ஒவ்வொரு கைச் சோறும் மண்ணை விழுங்குகிற மாதிரி இறங்கியது. என் இலையில் உள்ளதை எடுத்து அவளுக்குக் கொடுக்கவும் முடியாது, எச்சில். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த அக்கா சோற்றின் பக்கம் பார்க்காமல் தன் கிழங்கைத் தின்று முடித்தாள். கை கழுவும்போது வெள்ளையன் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் தவறி அவள் காலில் கொட்டியது.

7

திரும்பும் வழியில் அக்கா எனக்கு முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தபடி ஐயாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், அப்பாவோடும் போட்டேன், அதற்கும் மேலே இருப்பவரோடும் போட்டேன். நான் போன பிறகு அவள் திரும்பவும் தனியாகப் போய்ச் சாமைச் சோறு கேட்பாள் என்று நம்ப எனக்கு ஆசை. அவள் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

ஓடைப் பாறை வந்தது. அவள் அந்தக் காலத்தில் மூட்டையோடு ஓடிவந்து நின்ற இடம். அங்கே நின்று மூச்சு வாங்கினாள்.

"அந்தப் பொஸ்தகத்த மச்சான் ஊட்டுல வெச்சுட்டு வந்துட்டியா?"

"இல்லக்கா, பையில இருக்குது."

"இருக்கட்டும். அங்க ஆருக்கும் அதப் படிச்சுக் காட்டிப்போடாத சாமி" என்றாள். "பாவாயி தெரிஞ்சா அழுவா."